எறியமும் எறிகணையும்: ஒரு சோடாப் போத்தல் சொல்லித் தரும் பௌதிகம்

க.பொ.த. உயர்தரப் பௌதிகவியலில் ‘எறியம்’ என்றொரு பாடம் வருகிறது. ஒரு பொருளை ஒரு கோணத்தில், ஒரு வேகத்தோடு எறிந்தால் அது எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு தூரத்தில் விழும், விழுவதற்கு எத்தனை வினாடி எடுக்கும் என்று கணிக்கிற பாடம். தமிழ்நாட்டுப் புத்தகங்கள் இதை ‘எறிபொருள்’ என்கின்றன. எங்கள் புத்தகத்தில் எறியம். அதே வேரிலிருந்து வந்த இன்னொரு சொல் எங்களிடம் இருக்கிறது: எறிகணை. அந்தச் சொல்லை நாங்கள் யாரும் புத்தகத்தில் படித்து அறிந்ததில்லை.

இந்த இரண்டு சொற்களுக்கும் இடையில்தான் சாவகச்சேரிப் பக்கம் ஒரு பாடசாலையின் உயர்தர மாணவர்கள் நால்வர் இப்போது நிற்கிறார்கள். பெரிய சோடாப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சைக்கிள் பம்மால் காற்றடித்து, வாயைத் திறந்துவிட்டால் போத்தல் சீறிக்கொண்டு பறக்கும். உலகம் முழுவதும் பிள்ளைகள் செய்கிற நீர் ரொக்கெட்தான் இது. இவர்கள் அதில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் வளியின் அமுக்கத்தை மாற்றினால் போத்தல் விழும் தூரம் எப்படி மாறும்? வாயு விதிகளையும் எறிய இயக்கத்தையும் ஒரே செயற்றிட்டத்தில் இணைக்கிற கேள்வி அது.

எழுதுவதற்காக நான் போனபோது அவர்களில் ஒருத்தி முதலில் கேட்டது பாடசாலையின் பெயரைப் போடவேண்டாம் என்றல்ல. “அக்கா, தலைப்பில ‘ஏவுகணை’ எண்டு மட்டும் போட்டிடாதேங்கோ” என்றாள். பெயரைப் பற்றி அதன் பிறகுதான் கேட்டாள். ஊடகக் கற்கை படித்த எனக்கு அவள் பயம் உடனே விளங்கியது. கட்டுரையை வாசிக்காதவர்களும் தலைப்பை வாசிப்பார்கள். ‘சாவகச்சேரியில் ஏவுகணை தயாரித்த மாணவர்கள்’ என்று ஒரு வரி முகநூலில் பரவினால் அது பாராட்டாக மட்டும் திரும்பி வராது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை வீடுகளின் கதவைத் தட்டியது என்று தெரிந்த ஊர் இது.

இன்னொரு பயம் வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. அந்த நால்வரில் ஒருவனின் அம்மம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: “உது என்னத்துக்குப் பிள்ளை இவங்களுக்கு? நாங்கள் பட்டது காணாதே?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். முதலில், போத்தலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பம்முக்குள் இருக்கும் போயில்

சைக்கிள் பம்மின் துளையை ஒரு விரலால் இறுக அடைத்துக்கொண்டு கைபிடியை அமத்திப் பாருங்கள். தொடக்கத்தில் இலகுவாக இறங்கும். பாதி வந்ததும் எதிர்க்கும். இன்னும் அமத்தினால் விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறும். 1662இல் றொபேட் போயில் வெளியிட்ட விதி இவ்வளவுதான். அவர் ‘ஜே’ எழுத்துப் போல வளைந்த கண்ணாடிக் குழாயில் வளியை அடைத்து, மறுபக்கத்தில் இரசத்தை ஊற்றி அளந்தார். வெப்பநிலை மாறாமல் இருந்தால், வளியின் கனவளவு பாதியாகும்போது அமுக்கம் இரட்டிப்பாகும். கனவளவு ஐந்தில் ஒன்றானால் அமுக்கம் ஐந்து மடங்கு. இரண்டையும் பெருக்கினால் வரும் தொகை மாறாது.

இதைப் போத்தலில் வைத்துப் பார்ப்போம். ஒன்றரை லீற்றர் போத்தலில் அரை லீற்றர் தண்ணீர் விட்டால் மிச்சம் ஒரு லீற்றர் வளி. வாயை அடைக்கும்போது அதன் அமுக்கம் வெளியில் உள்ள வளிமண்டல அமுக்கமேதான். எங்கள் சைக்கிள் கடைக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 15 இறாத்தல், அதாவது சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல். பம்மின் மானி 60 காட்டும்வரை அடிக்கிறோம் என்று வையுங்கள்.

இங்கேதான் பரீட்சையில் பலர் புள்ளியை இழக்கிறார்கள். மானி காட்டுவது வெளியமுக்கத்துக்கு மேலதிகமாக உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுந்தான். போயிலின் விதிக்கு முழு அமுக்கம் வேண்டும். 60உடன் 15ஐக் கூட்டினால் 75. அது வளிமண்டல அமுக்கத்தின் ஐந்து மடங்கு. ஆகவே ஒரு லீற்றர் இடத்துக்குள் ஐந்து லீற்றர் வளி இருக்கிறது. ஒன்று ஏற்கனவே இருந்தது, நான்கு நாம் அடித்தது. ஒரு தடவை அமத்தினால் கால் லீற்றர் வளி போகிற பம் என்றால் பதினாறு தடவை அமத்தவேண்டும். ஒழுக்கு இருப்பதால் நடைமுறையில் இரண்டு மூன்று தடவை கூடும். அந்த மாணவர்கள் தாங்கள் எத்தனை தடவை அமத்தினார்கள் என்பதையும் ஒவ்வொரு முறையும் எழுதி வைத்திருக்கிறார்கள். மானி பிழைத்தால் அந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

வெப்பநிலையை மறக்கக் கூடாது. அடைத்த வாயுவைச் சூடாக்கினால் அதன் அமுக்கம் தனிவெப்பநிலைக்கு ஏற்பக் கூடும். 30 பாகை என்பது 303 கெல்வின். போத்தலை வெயிலில் விட்டு உள்வளி 60 பாகைக்கு, அதாவது 333 கெல்வினுக்கு வந்துவிட்டால், ஐந்து மடங்காக இருந்த அமுக்கம் ஐந்தரை மடங்காகும். மத்தியான வெயிலில் நிறுத்திவைத்த சைக்கிளின் பழைய ரியூப் ‘டமார்’ என்று வெடிப்பதில் இந்த விதிக்கும் பங்கு உண்டு.

கண்ணிமைக்கும் நேரத்தில் நடப்பது

போத்தலின் வாய் கீழே பார்த்தபடி இருக்கிறது. உள்ளே மேல்பக்கத்தில் இறுகிய வளி, கீழே தண்ணீர். வாயைத் திறந்ததும் வளி விரிய முயல்கிறது, வழியில் நிற்கும் தண்ணீரைத் தள்ளுகிறது. தண்ணீர் கீழே போக, போத்தல் மேலே போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி.

கணக்கைச் செய்து பார்த்தபோது நான் எதிர்பாராத எண்கள் வந்தன. மானி 60 காட்டும் நிலையில் தண்ணீர் வெளியேறும் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 28 மீற்றர். அது மணிக்கு 100 கிலோமீற்றர். போத்தல் வாயின் உள்விட்டம் இரண்டு சென்ரிமீற்றருக்குச் சற்று அதிகம். அந்த வாயால் இந்த வேகத்தில் தண்ணீர் பாயும்போது தொடக்கத்தில் கிடைக்கும் உந்துவிசை ஏறத்தாழ 280 நியூட்டன். அரை மூடை சீமெந்தைத் தூக்கிப் பிடிக்கவே அது போதும். ஆனால் தூக்கவேண்டியதோ தண்ணீரோடு சேர்த்து அறுநூறு கிராம். அதனால்தான் போத்தல் கிளம்புவதைக் கண் பிடிப்பதில்லை. அரை லீற்றர் தண்ணீரும் பத்தில் ஒரு வினாடிக்குள் தீர்ந்துவிடும். கைத்தொலைபேசியின் மெதுவோட்டக் காணொளியில், வினாடிக்கு 240 படம் எடுத்தாலும், தண்ணீர் பாய்வது பதினைந்து படங்களுக்குள் முடிந்துபோகிறது.

தண்ணீர் ஏன் வேண்டும், வெறும் காற்றே போதாதா என்று நானும் கேட்டேன். வெறும் காற்றை அடைத்து விட்டால் போத்தல் சிறிது தூரம் துள்ளி விழும். வளிக்குத் திணிவு குறைவு. அதை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளினாலும் கிடைக்கும் உந்தம் சிறியது. மாறாக, முழுக்கத் தண்ணீர் விட்டால் அமுக்கிவைக்க வளியே இல்லை. நீர் அமுங்காது, ஆகவே சக்தியைச் சேமிக்காது. சக்தியைச் சேமிப்பது வளி, உந்தத்தைக் கொடுப்பது நீர். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் சிறந்த அளவு இருக்கிறது. பொதுவாகப் போத்தலின் மூன்றில் ஒரு பங்குக்கு அண்மையில் அது வரும்.

இன்னொன்று பார்ப்பவர்களைக் குழப்புவது. பறந்து விழுந்த போத்தலை எடுத்துப் பார்த்தால் உள்ளே வெண்புகை போல ஒன்று நிற்கும். “மருந்து போட்டிருக்கிறாங்கள்” என்று அயலில் கதை வருவது இதனால்தான். அது புகையல்ல, பனி. வளி இவ்வளவு வேகமாக விரியும்போது வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வர நேரமில்லை. பாடப்புத்தகத்தில் சேறலில்லா விரிவு என்பது இதுதான். விரியும் வளி தன் சொந்தச் சக்தியைச் செலவழித்து வேலை செய்கிறது, அதனால் குளிர்கிறது. உலர்ந்த வளி என்று வைத்துக் கணித்தால், ஒரு லீற்றர் ஒன்றரை லீற்றராக விரிந்து முடியும்போதே 30 பாகையிலிருந்து பூச்சியத்துக்குக் கீழே 15 பாகை வரை இறங்கவேண்டும். அந்தக் குளிரில் உள்ளே இருக்கும் நீராவி ஒடுங்கி மூடுபனியாகிறது. நெருப்பு எதுவும் இல்லை. அதற்கு நேரெதிரானதுதான் அங்கே நடக்கிறது.

அம்மம்மாவுக்குத் தெரிந்த கணக்கு

எறியத்தின் பாதை பற்றிய அடிப்படை எளிமையானது. காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால், 45 பாகையில் எறியும்போது அதிக தூரம் போகும். 30 பாகையில் எறிந்தாலும் 60 பாகையில் எறிந்தாலும் ஒரே இடத்தில்தான் விழும், ஆனால் 60 பாகையில் எறிந்தது வானத்தில் கூட நேரம் நிற்கும். வினாடிக்கு 20 மீற்றர் வேகத்தில் 45 பாகையில் கிளம்பியது ஏறத்தாழ 41 மீற்றரில் விழும். வேகத்தை இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு.

இதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மம்மா குறுக்கிட்டார். “குத்துற சத்தம் கேட்டால் எண்ணத் தொடங்கிடுவம். இருபது எண்ண முதல் பங்கருக்க நிக்கவேணும்” என்றார். அந்த வீட்டில் கொஞ்ச நேரம் எவரும் எதுவும் சொல்லவில்லை. பிறகு அவரது பேரன் கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டான்.

மூன்று கிலோமீற்றர் தூரத்திலிருந்து மோட்டார் குண்டு ஒன்று 60 பாகையில் கிளம்புகிறது என்று வையுங்கள். காற்றுத் தடையில்லாத சமன்பாட்டின்படி அது வானத்தில் நிற்கும் நேரம் ஏறத்தாழ 32 வினாடி. குத்திய சத்தம் வினாடிக்கு 340 மீற்றர் வேகத்தில் நேராக வருகிறது. மூன்று கிலோமீற்றரைக் கடக்க அதற்கு ஒன்பது வினாடி. ஆகவே சத்தம் கேட்டதிலிருந்து விழும்வரை இருபதுக்குச் சற்று அதிகமான வினாடிகள் கையில் இருக்கின்றன. அம்மம்மா சொன்ன இருபது இதுதான். மோட்டார் உயரமாக வளைந்து வருவதாலும் ஒலியை விட மெதுவாக வருவதாலும்தான் அந்த இருபது வினாடி கிடைத்தது. தொலைவிலிருந்து ஒலியை விட வேகமாகக் கிளம்பிவந்த சில பீரங்கிக் குண்டுகளுக்கு அந்தக் கணக்கு உதவவில்லை. வெடித்த பிறகுதான் குத்திய சத்தம் வந்தது, அல்லது வந்ததைக் கேட்க ஆளில்லை.

2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவு முகாம் வீழ்ந்தது. மே மாதம் சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. சனம் வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் ஓடியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1995 ஒக்ரோபர் 30 இரவில், வலிகாமத்துச் சனம் நாவற்குழி தாண்டி இதே தென்மராட்சிக்கு ஓடிவந்திருந்தது. அடைக்கலம் கொடுத்த ஊர் அடைக்கலம் தேடிப் போனது. அந்த ஆண்டு செப்டெம்பரில் இராணுவம் சாவகச்சேரியை மீண்டும் பிடித்தபோது நகரத்தில் மிஞ்சியிருந்தது கூரையற்ற சுவர்கள். இந்த மாணவர்கள் பிறப்பதற்கு முந்திய கதை. ஆனால் இருபது வரை எண்ணியவர்கள் இன்னும் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

பீரங்கிக்கும் சோடாப் போத்தலுக்கும் பௌதிகம் ஒன்றுதான் என்பதை மறைப்பதில் பயனில்லை. இரண்டிலும் அடைபட்ட வாயு விரிகிறது, ஒன்றைத் தள்ளுகிறது. பீரங்கியில் வாயு எரிமருந்திலிருந்து பிறக்கிறது, அமுக்கம் வளிமண்டலத்தின் ஆயிரக்கணக்கான மடங்கு, தள்ளப்படுவது வெடிகுண்டு. போத்தலில் கையால் அடித்த காற்று, ஐந்து மடங்கு, தள்ளப்படுவது தண்ணீர். விதிக்குக் குற்றமில்லை. அதை யார், எதற்காகப் பிடித்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வானத்திலிருந்து விழுந்ததைக் கண்டு பயந்தவர்கள்

இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. 1783 ஓகஸ்ட் 27இல், சாள்சின் விதியோடு நாம் நினைவுகூரும் அதே ஜாக் சாள்ஸ், பாரிஸ் நகரில் ஆளில்லாத ஐதரசன் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டார். அது கொனெஸ் என்ற கிராமத்தில் இறங்கியபோது விவசாயிகள் முட்கரண்டிகளோடு வந்து குத்திக் கிழித்தார்கள். அவர்களை அறிவில்லாதவர்கள் என்று சிரிப்பது இலகு. வானத்திலிருந்து விழுவது என்னவென்று எவரும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை என்பதே உண்மை.

அமுக்கிய வளியால் ஒன்றை எறிவது திருவிழாவாகவும் இருக்கிறது. இந்தியாவின் சத்தீஸ்கரில், பஸ்தார் பகுதியின் ஜக்தல்பூரில், தேர்த் திருவிழாவின்போது ‘துப்கி’ என்ற மூங்கில் குழாய்த் துவக்கால் பச்சைக் காய்களைச் சுட்டு ஜகந்நாதருக்கு மரியாதை செய்கிறார்கள். குழாயின் முன்னால் ஒரு காய், பின்னால் ஒரு காய். பின்னாலிருப்பதைக் குச்சியால் தள்ள, இடையில் வளி அமுங்கி முன்னாலிருப்பது ‘டப்’ என்று பறக்கும். போயிலின் விதியை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுகூடமும் காட்டாது.

எங்கள் கோயில் திருவிழாக்களின் ஈர்க்கு வாணமும் ரொக்கெட்தான். அதில் கட்டியிருக்கும் நீண்ட குச்சி அலங்காரத்துக்கல்ல. வாணம் தலைகீழாகப் புரளாமல் நேராகப் போக அதுதான் உதவுகிறது. மாணவர்கள் போத்தலின் பின்பக்கம் ஒட்டும் மூன்று செட்டைகள் செய்வதும் அதே வேலை. போர்க்களத்திலும் இது வந்தது. 1780இல் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் மைசூர்ப் படை இரும்புக் குழாய் வாணங்களைப் பிரித்தானியர் மீது ஏவியது. பின்னர் அந்த வாணங்களைப் பார்த்தே இங்கிலாந்தில் கொன்கிறீவ் தன் ரொக்கெட்டுகளைச் செய்தார். ஒரே குழாய் கோயிலுக்கும் போனது, போருக்கும் போனது.

எது செயற்றிட்டம், எது விபத்து

பெற்றோரின் பயத்தில் நியாயமான பகுதி ஒன்று உண்டு. அதை அறிவியலின் பெயரால் தள்ளிவிடக் கூடாது. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில், போபால் உட்படப் பல இடங்களில், ‘காபைட் துவக்கு’ என்ற பிளாஸ்ரிக் குழாய்ப் பொருளால் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் சிறுவர்கள், கண் காயங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் பார்வையை இழந்தார்கள். இணையக் காணொளி பார்த்துச் செய்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அங்கே வேலை செய்வது எரிகிற வாயு. அது எப்போது, எவ்வளவு வேகமாக எரியும் என்பதைக் கையில் வைத்திருப்பவர் தீர்மானிக்க முடியாது. அதற்கும் நீர் ரொக்கெட்டுக்கும் உள்ள கோடு இதுதான்: எரிவது எதுவும் இருக்கக் கூடாது. பெற்றோல், காஸ், காபைட், நெருப்புக்குச்சி மருந்து, வெடிமருந்து எதுவும். கையால் அடித்த காற்று மட்டும்.

காற்று மட்டும் என்றாலும் கவனம் வேண்டும். இந்த மாணவர்களும் அவர்களின் ஆசிரியரும் பின்பற்றும் ஒழுங்குகளைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

1. சோடா வந்த பிளாஸ்ரிக் போத்தல் மட்டும். அது உள்ளே இருக்கும் வாயுவின் அமுக்கத்தைத் தாங்கவென்றே செய்யப்பட்டது. தண்ணீர்ப் போத்தல் மெல்லியது, தாங்காது. கண்ணாடிப் போத்தலைத் தொடவே கூடாது. பீவீசீ குழாய் உடைந்தால் கூரான துண்டுகளாகப் பறக்கும், அதுவும் வேண்டாம்.

2. மானியில் 60க்கு மேல் இல்லை. கீறல், மடிப்பு, வெயிலில் கிடந்த மங்கல் உள்ள போத்தலை வீசிவிடவேண்டும்.

3. புதிய போத்தலை முதலில் தண்ணீரால் நிரப்பி, ஒரு சிறு இடம் மட்டும் விட்டு, அமுக்கிப் பரீட்சிக்கவேண்டும். தண்ணீர் சக்தியைச் சேமிக்காதபடியால், உடைந்தாலும் ஒழுகுமே தவிர வெடித்துச் சிதறாது.

4. திறப்பது கயிற்றால், பத்து மீற்றர் தள்ளி நின்று. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி. அமுக்கம் ஏறிய போத்தலுக்கு மேலே எவரும் குனியக் கூடாது. வெயிலில் காத்திருக்க விடவும் கூடாது.

5. முனையில் உலோகம் வேண்டாம். மட்டையும் பஞ்சும் போதும்.

6. ஏவுவது பாடசாலை மைதானத்தில், ஆசிரியர் முன்னிலையில், அயலவருக்கும் கிராம அலுவலருக்கும் முன்கூட்டியே சொல்லி.

எங்கள் மண்ணுக்கு மட்டும் உரிய ஏழாவது ஒன்றும் இருக்கிறது. பற்றைக்குள்ளோ வெறுங்காணியிலோ கிடக்கும் இரும்புக் குழாய், உருளை, மூடி எதையும் செயற்றிட்டத்துக்கென்று எடுக்கக் கூடாது. தென்மராட்சியின் கிழக்கு எல்லைக்கு அப்பால் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை ஆண்டாக நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். போத்தல் மைதானத்தைத் தாண்டிப் பற்றைக்குள் விழுந்தால் அது அங்கேயே கிடக்கட்டும். போத்தல் இன்னொன்று கிடைக்கும்.

கொப்பியில் ஒரு கோடு

அம்மம்மாவின் கேள்விக்கு என்னிடமுள்ள பதில் அந்த மாணவர்களின் வரைபில் இருக்கிறது. ஒரே அளவு தண்ணீர், ஒரே கோணம். அமுக்கத்தை மட்டும் 20, 30, 40 என்று கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வோர் அமுக்கத்திலும் ஐந்து தடவை ஏவி, சராசரி எடுக்கிறார்கள். சமன்பாட்டின்படி வெளியேறும் வேகத்தின் வர்க்கம் மானியமுக்கத்துக்கு நேர்விகிதம். விழும் தூரமும் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். ஆகவே தூரமும் அமுக்கமும் ஒரு நேர்கோட்டில் வரவேண்டும். அவர்களது கோடு தொடக்கத்தில் நேராகப் போகிறது, பிறகு கீழே வளைகிறது. வளைவதற்குக் காரணம் காற்றுத் தடை: போத்தல் எவ்வளவு வேகமாகப் போகிறதோ அதைவிட அதிகமாகக் காற்று அதைத் தடுக்கிறது. அந்த வளைவை அவர்கள் பிழை என்று அழிக்கவில்லை. அதை விளக்குவதற்கே ஒரு அத்தியாயம் எழுதுகிறார்கள். புத்தகத்தில் உள்ளதை ஒப்புவிப்பதற்கும் அறிவியல் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழில் இதைச் செய்வது புதுமையும் அல்ல. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூலைத் தமிழில் வெளியிட்டது 1875இல். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும், சில துளி பெற்றோலில் இயந்திரத்தைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியதும் இந்தக் குடாநாடுதான். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் போதிய ஆவியாகாது என்பதை யாரும் வகுப்பில் படித்துச் செய்யவில்லை. அந்த அறிவெல்லாம் உயிர் தப்புவதற்காக வந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அது தெரிந்துகொள்வதற்காக வருகிறது. எங்களுக்குக் கிடைக்காத வசதி அது.

இவர்கள் போகக்கூடிய இடங்களும் இருக்கின்றன. மொறட்டுவையில் உள்ள ஆதர் சி. கிளாக் நிறுவனம் பாடசாலை மாணவர்களுக்கு நீர் ரொக்கெட் போட்டிகளை நடத்துகிறது. ஆசிய பசுபிக் நாடுகளின் விண்வெளி முகவரகங்கள் கூடும் மன்றத்தோடு இணைந்த மாணவர் போட்டி ஒன்றும் உண்டு. அங்கே வெற்றி பெறுவது அதிக தூரம் போன போத்தல் அல்ல. குறித்த இலக்குக்கு மிக அருகில் விழுந்த போத்தல். பலத்தை விடக் கணிப்புக்கே அங்கு பரிசு. பொறியியல் படிக்க விரும்புபவருக்கு யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது, சாவகச்சேரியிலிருந்து ஏ9 வீதியில் பஸ் ஏறிப் போகக்கூடிய தூரம்.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் எங்கள் பாடசாலைகளுக்கு நிறையச் செய்கிறார்கள். மண்டபம் கட்டுகிறார்கள், நுழைவாயில் கட்டுகிறார்கள், கல்வெட்டில் பெயர் பொறிக்கிறார்கள். இந்த நால்வரிடம் என்ன தேவை என்று கேட்டேன். சரியாக வேலை செய்யும் மானியோடு ஒரு நிலப்பம், நூறு மீற்றர் அளவுநாடா ஒன்று, காப்புக் கண்ணாடி ஆறு. அவ்வளவுதான் பட்டியல். பெற்றோரிடம் கேட்பது அதைவிடக் குறைவு: ஏவும் நாளில் பாடசாலை கூப்பிட்டால் வீட்டில் இருந்து பயப்படாமல் மைதானத்துக்கு வந்து நின்று பாருங்கள். என்ன பறக்கிறது, ஏன் பறக்கிறது என்று பிள்ளைகளே சொல்லித் தருவார்கள்.